ஓடை காட்டிய வழி

தேடலின் வரலாறு – பகுதி 9

சென்ற பகுதி திருமுதுகுன்றத்தில், மணிமுத்தாற்றின் கரையில் நின்றது. இன்று விருத்தாசலம் என்று அழைக்கப்படும் அந்த ஊரில் சுந்தரர் 12,000 பொன் பெற்றார். ஆரூர் மக்கள் வியக்கும்படி இது அங்கே வந்து சேர வேண்டும் என்று வேண்டினார். ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று இறைவன் அருளினான். போடும் முன், மாற்றுப் பார்ப்பதற்காக ஒரு துண்டை மட்டும் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் சுந்தரர். திருவாரூர்க் குளமான கமலாலயத்தில் இறங்கித் துழாவியபோது பொன் உடனே அகப்படவில்லை. அவர் மனைவி பரவையார் பார்த்துக்கொண்டிருந்தார். பாடிய பிறகு பொன் வந்தது. வந்ததும் மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடிய பிறகே கையிலிருந்த மச்சத்தோடு ஒத்துப்போனது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன இந்தக் கதையில் ஒரு தேடலுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. போட்ட இடம், எடுக்க வேண்டிய இடம், நடுவே கண்ணுக்குத் தெரியாத வழி, கையில் ஒரே ஒரு தடயம்.

ஆனால் குளத்தில் இறங்கியவர் சுந்தரர். கதை கேட்டவர்கள் கரையிலேயே நின்றார்கள். கேட்பவரையே தண்ணீரில் இறக்கிவிடும் கதை எப்போது பிறந்தது என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம். பதில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் இருக்கிறது.

* * *

சுவரில் ஓர் அம்புக்குறி

மாமத் குகை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் இடம். அதற்கு அருகில், ஃபிளின்ட் ரிட்ஜ் என்ற மேட்டுக்கு அடியில் இன்னொரு பெரிய குகைத் தொகுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. நிலத்துக்கடியில் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று குகை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக நம்பினார்கள். வழி மட்டும் அகப்படவில்லை.

1972 கோடையில் அது அகப்படத் தொடங்கியது. மற்றவர்களால் நுழைய முடியாத ஓர் இடுக்கில், மெலிந்த உடல்வாகு கொண்ட பட்ரீசியா குரோதர் தன்னைத் திணித்துக்கொண்டு மறுபக்கம் போனார். அவர் தொழிலால் கணினி நிரலாளர். அந்த வழியைத் தொடர்ந்து போன குழுவினர், ஆகஸ்டு இறுதியில், சுவரில் ஒரு கீறலைக் கண்டார்கள். 'பீட் எச்' என்று ஒரு பெயர். பக்கத்தில் ஓர் அம்புக்குறி.

மனிதக் காலடியே படாத இடம் என்று நினைத்த இடத்தில் யாரோ ஏற்கெனவே வந்து போயிருக்கிறார்! 1930களில் மாமத் குகையில் சுற்றித் திரிந்த பீட் ஹான்சன் என்பவரின் பெயர் அது. அப்படியானால் அவர் மறுபக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அம்பு மாமத் குகையின் பக்கம் காட்டியது.

செப்டம்பர் 9. ஜான் வில்காக்ஸ் தலைமையில் ஆறு பேர் மீண்டும் உள்ளே இறங்கினார்கள். பட்ரீசியாவும் அவர்களில் ஒருவர். பல மணி நேரம் தவழ்ந்து, ஊர்ந்து, ஆழமான தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். கூரை தலைக்கு மேலே நெருங்கி வந்தது. முன்னால் போன வில்காக்ஸின் விளக்கு வெளிச்சத்தில், தண்ணீருக்கு அப்பால் ஒரு நேர்கோடு தெரிந்தது.

குகைக்குள் இயற்கை நேர்கோடு போடுவதில்லை. அது சுற்றுலாப் பயணிகள் பிடித்து நடப்பதற்காக அமைத்த கைப்பிடிக் கம்பி.

இரண்டு குகைகளும் ஒன்றாயின. அன்றைய கணக்குப்படி மொத்த நீளம் சுமார் 232 கிலோமீட்டர். உலகின் மிக நீளமான குகை என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

குகை ஆய்வில் கண்டுபிடிப்பு பாதி வேலைதான். காம்பஸும் அளவு நாடாவும் கொண்டு ஒவ்வொரு வளைவையும் அளந்து, சேறு படிந்த நோட்டுப் புத்தகத்தில் குறித்து, வெளியே வந்து வரைபடமாக்க வேண்டும். அந்த எண்கள் பட்ரீசியாவின் வீட்டுக்கு வந்தன. அங்கே கூடத்தில் ஒரு டெலிடைப் இயந்திரம் இருந்தது. அது அவர் கணவரின் அலுவலகக் கணினியோடு தொடர்பு கொண்டது. எண்களைக் கோடுகளாக்கி வரைபடம் போடும் நிரலை எழுதியவர் அந்தக் கணவர். அவர் பெயர் வில் குரோதர்.

* * *

வீட்டில் ஒரு பிளவு

குரோதர் வேலை பார்த்த நிறுவனம் மாசசூசெட்ஸில் இருந்த பிபிஎன். இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், 1969இல் இயங்கத் தொடங்கியபோது, கணினிகளுக்கிடையே செய்திகளை அனுப்பிவைக்கும் கருவிகளுக்கான நிரலை எழுதிய சிறு குழுவில் அவரும் ஒருவர். பாறை ஏறுவதில் தேர்ந்தவர். மனைவியோடு சேர்ந்து கென்டக்கி குகைகளில் இறங்குவது விடுமுறை நாட்களின் வழக்கம்.

1970களின் நடுவில் அந்தக் குடும்பம் பிரிந்தது. குகை நண்பர்கள் இருவருக்கும் பொதுவானவர்கள். அந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்பது குரோதருக்குச் சங்கடமாக இருந்தது. குகைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். சிறு பெண்கள் இருவர். அவர்கள் அப்பாவோடு இருக்கும் நாட்கள் குறைந்துவிட்டன.

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை அப்போது அவர் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தார். பலகை இல்லை, சீட்டு இல்லை. ஒருவர் இடத்தை வாயால் வர்ணிக்க, மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். சொல்லும் பதிலே காய் நகர்த்தல்.

இழந்த குகை, மகள்கள், வாயால் ஆடும் விளையாட்டு. மூன்றும் சேர்ந்த இடத்தில் அவருக்கு யோசனை தோன்றியது. குகைக்குள் போவதைக் கணினியில் எழுதிவிட்டால்? பிள்ளைகள் ஆடலாம். கணினியைக் கண்டு பயப்படுகிறவர்களும் ஆடலாம்.

அந்த யோசனையின் துணிச்சல் புரிய வேண்டுமானால் அன்றைய கணினி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 370 வந்தது. அக்காலத்து மாணவர்கள் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அச்சிட்ட தாள் பிறகு கைக்கு வரும். பெரும்பாலான இடங்களில் கணினியோடு மனிதருக்கு இருந்த உறவு இவ்வளவுதான். பிபிஎன்னில் இருந்த பிடிபி-10 வேறு வகை. பலர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம், அது உடனே பதில் சொல்லும். கேட்டால் பதில் சொல்லும் இயந்திரம் இருந்தால்தான் அதனிடம் கதை கேட்க முடியும்.

1975–76இல், வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதுகளில், குரோதர் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதத் தொடங்கினார். சுமார் 700 வரி நிரல், இன்னொரு 700 வரி தகவல். 193 சொற்கள் அதற்குப் புரியும். பெயர் 'அட்வென்ச்சர்'.

* * *

சாலை முடியும் இடம்

நிரலை ஓட்டினால் அது முதலில் வரவேற்கிறது. குறிப்பு வேண்டுமா என்று கேட்கிறது. வேண்டும் என்றால், அருகில் எங்கோ ஒரு பெருங்குகை இருப்பதையும், அதில் சிலர் செல்வம் கண்டதையும், நுழைந்தவர்களில் சிலர் திரும்பவே இல்லை என்ற பேச்சையும் தெரிவிக்கிறது. ஆடுபவரின் கண்ணாகவும் கையாகவும் தான் இருப்பதாகச் சொல்லி, ஓரிரு சொற்களில் கட்டளை கேட்கிறது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, குகையைப் பற்றிச் சொல்வதெல்லாம் கேள்விப்பட்ட செய்தி. எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை, எவ்வளவு செல்வம் என்று சொல்வதில்லை, திரும்பாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்வதில்லை. ஊர்க்கோடியில் இருக்கும் பாழ்மண்டபத்தைப் பற்றிப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் அதே தொனி. இன்னொன்று, பேசுகிற அந்தக் குரல். கண்ணும் கையுமாக இருக்கும் அது யார்? உடன் வரும் துணையா, குகையே பேசுகிறதா? கடைசி வரை அதற்கு விளக்கம் இல்லை.

அடுத்து இடம் வருகிறது. சாலை ஒன்றின் முனையில் ஆடுபவர் நிற்கிறார். எதிரில் செங்கல்லால் கட்டிய ஒரு சிறு கட்டடம். சுற்றிலும் காடு. கட்டடத்திலிருந்து ஓர் ஓடை புறப்பட்டு ஓடைப்பள்ளத்தில் இறங்குகிறது.

அவ்வளவுதான். நீங்கள் யார் என்று சொல்லவில்லை. ஏன் வந்தீர்கள் என்று சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை. திரையிலோ தாளிலோ அந்த எழுத்துகளுக்குக் கீழே இயந்திரம் காத்திருக்கிறது.

தட்டச்சுப் பலகையின் முன் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது செய்தாக வேண்டும். பெரும்பாலும் கட்டடத்துக்குள் போகிறார். அது ஒரு பெரிய ஊற்றுக்காகக் கட்டிய அறை. தரையில் நான்கு பொருள்கள் கிடக்கின்றன: ஒரு சாவிக்கொத்து, ஒரு விளக்கு, கொஞ்சம் சாப்பாடு, ஒரு குப்பித் தண்ணீர்.

சாவி இருக்கிறது, பூட்டைக் காணோம். விளக்கு இருக்கிறது, இருட்டைக் காணோம்.

குரோதரின் தொடக்கம் நிற்பது இந்த இடத்தில்தான். வழக்கமான மர்மக் கதையில் முதலில் பூட்டிய கதவு வரும், பிறகு சாவியைத் தேடுவார்கள். இங்கே சாவி முதலில் வருகிறது. அதை எடுத்துக்கொண்ட கணத்திலிருந்து ஆடுபவரின் மனம் பூட்டைத் தேடத் தொடங்கிவிடுகிறது. எங்கோ கீழே இருட்டு இருக்கிறது என்பதை யாரும் சொல்லாமலே விளக்கு சொல்லிவிடுகிறது. அந்த இருட்டில் நெடுநேரம் இருக்க வேண்டியிருக்கும் என்பதைச் சாப்பாடும் தண்ணீரும் சொல்கின்றன. கமலாலயத்தில் இறங்கிய சுந்தரரின் கையில் இருந்த மச்சத்தைப் போல, தேடப்போவதன் ஒரு துண்டு முன்பே கைக்கு வந்துவிடுகிறது.

சரி, எந்தப் பக்கம் போவது? காட்டுக்குள் அலையலாம். அலைந்தால் காடுதான் திரும்பத் திரும்ப வரும். ஆனால் முதல் வர்ணனையில் அசைந்துகொண்டிருந்த பொருள் ஒன்றே ஒன்று: ஓடை. அதைப் பின்தொடர்ந்து தெற்கே இறங்கினால் பள்ளத்தாக்கு வருகிறது. இன்னும் கீழே போனால், ஓடிவந்த தண்ணீர் முழுவதும் பாறையில் இரண்டங்குல இடுக்கு ஒன்றில் விழுந்து மறைகிறது. அப்பால் ஓடைப்படுகை காய்ந்து கிடக்கிறது.

தண்ணீர் போய்விட்டது. போன இடம் கீழே.

காய்ந்த படுகையிலேயே மேலும் நடந்தால் ஒரு குழி. அதன் அடியில் இரும்புக் கம்பிக் கதவு. பூட்டியிருக்கிறது.

கையில் சாவி இருக்கிறது!

இயந்திரம் ஓர் இடத்தில்கூட 'ஓடையைப் பின்தொடருங்கள்' என்று சொல்லவில்லை. ஆடுபவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததால் வழி அவருடையதாகிறது. சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் தண்ணீர் உண்மையிலேயே அப்படித்தான் போகும். மேலே ஓடும் ஓடை பாறை வெடிப்பில் இறங்கி, பாறையைக் கரைத்து, அடியில் குகையைக் குடைகிறது. தண்ணீர் மறையும் இடத்தில் குகை தேடு என்பது கென்டக்கி குகை ஆய்வாளர்களின் முதல் பாடம். பல ஆண்டுகள் முழங்காலில் தவழ்ந்து கற்றதை, ஒரு வரி அறிவுரைகூட இல்லாமல், குரோதர் ஆடுபவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

கதவுக்குக் கீழே வெளிச்சம் குறைகிறது. கொஞ்ச தூரத்தில் முழு இருட்டு. விளக்கை ஏற்றாமல் நடந்தால் குழியில் விழ நேரும் என்று எச்சரிக்கை வருகிறது. அந்த இருட்டை ஒட்டி, குப்பை அடைத்த ஓர் அறை. அதன் சுவரில் யாரோ ஒரு மந்திரச் சொல்லை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்: எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய். அதைத் தட்டச்சு செய்தால் அடுத்த கணம் செங்கல் கட்டடத்துக்குள் நிற்கிறோம். எழுதியவர் யார்? எப்போது வந்தார்? திரும்பினாரா? உண்மைக் குகையில் 'பீட் எச்' பதித்த கீறலுக்காவது ஒரு பெயர் இருந்தது.

* * *

சொல்லாமல் விட்ட காரணம்

இவ்வளவு குறைவாகச் சொல்லும் தொடக்கம் எப்படி வாய்த்தது? காரணங்கள் மூன்று.

முதலாவது இயந்திரம். அதன் நினைவகத்தில் ஒவ்வொரு வரிக்கும் விலை உண்டு. குரோதரின் குகையில் 66 அறைகள். ஒவ்வொன்றுக்கும் சில வரிகளுக்கு மேல் ஒதுக்க முடியாது. ஆடுபவர் தட்டும் சொல்லில் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே நிரல் பார்க்கும். பிடிபி-10இன் நினைவகத்தில் ஒரு கட்டத்துக்கு 36 பிட்டுகள். அதில் ஐந்து எழுத்துகளே அடங்கும்.

இரண்டாவது, எழுதியவரின் பழக்கம். குகை ஆய்வாளரின் குறிப்பேட்டில் வியப்புச் சொற்களுக்கு இடமில்லை. எந்தத் திசை, எவ்வளவு உயரம், தரை எப்படி, தண்ணீர் எங்கே. அந்த மொழியிலேயே அவர் குகையை எழுதினார். அதனால்தான் அதில் இருக்கும் மந்திரத்தையும் ஆடுபவர் நம்புகிறார்.

மூன்றாவது, யாருக்காக எழுதினார் என்பது. பிள்ளைகளிடம் நீண்ட முன்னுரை செல்லாது. கதவைக் காட்டினால் போதும்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கனம் எளிதில் பிடிபடும். குழம்பாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, சுவரை ஒட்டி ஒரு படலம் கெட்டிப்படும். அது போதுமான கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதால்தான் பொம்மை சூளையில் வெடிக்காமல் நிற்கிறது. முழுக்க நிரப்பினால் பொம்மை தப்பாது. குரோதரும் ஓரத்துப் படலத்தை மட்டும் வைத்துவிட்டு மீதியைக் கொட்டிவிட்டார்.

இந்த முறை அந்தக் குகையோடு முடிந்துபோகவில்லை. தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு சான்றை இங்கேயே சொல்லிவிடலாம். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு 'வெண்பா'. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. 1980களில் தொடங்குகிறது. கதையின் நாயகி வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஆனாலும் வேலைக்குக் கிளம்பும் கணவர் பாவலனுக்கு இட்லி செய்துகொடுக்க அடுப்படிக்கு வருகிறார். கையில் இருப்பது அம்மாவின் சமையல் குறிப்பேடு. பல இடங்களில் அது சிதைந்திருக்கிறது. எந்தத் தட்டை எதன் மேல் அடுக்கினால் ஆவி மேலே போய் இட்லி வேகும் என்பதை ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இட்லிச் சட்டியை அறியாத ஒரு கனடியப் பிள்ளைக்கு அது பூட்டிய இரும்புக் கதவுக்குச் சற்றும் குறையாத புதிர். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கோ, அழிந்த வரிக்குப் பின்னால் அம்மாவின் குரல் இருக்கிறது. வெண்பாவின் உடம்புக்கு என்ன என்பது சமைத்து முடித்த பிறகுதான் தெரியவருகிறது: வெண்பா தாயாகப் போகிறார். முதலிலேயே அதைச் சொல்லியிருந்தால் இட்லி வெறும் இட்லியாகப் போயிருக்கும். 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதை அந்த விளையாட்டு பெற்றது.

* * *

முகவரி இல்லாத கடிதம்

1976க்குத் திரும்புவோம். குரோதர் தன் விளையாட்டை விற்கவில்லை, விளம்பரம் செய்யவில்லை. மகள்கள் ஆடினார்கள், நண்பர்கள் சிலர் ஆடினார்கள். நிரல் நிறுவனத்தின் கணினியில் கிடந்தது. அந்த ஆண்டே அவர் கலிஃபோர்னியாவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்துக்கு வேலை மாறினார். அத்தோடு கதை முடிந்திருக்கலாம்.

ஆனால் அவரே பங்கெடுத்துக் கட்டிய ஆர்பாநெட் அதை எடுத்துக்கொண்டு போனது. கணினியிலிருந்து கணினிக்கு, யாரோ யாருக்கோ கொடுத்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வரை போய்ச் சேர்ந்தது. அங்கே டான் வுட்ஸ் என்ற மாணவர் அதை ஆடினார். பிழைகள் இருந்தன, முடிவு பெறாத இடங்கள் இருந்தன. விரிவாக்க ஆசைப்பட்டார். அதற்கு எழுதியவரின் அனுமதியும் மூல நிரலும் வேண்டும்.

அவருக்குத் தெரிந்தது குரோதர் என்ற பெயர் மட்டும். அவர் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது.

வுட்ஸ் செய்தது இது: ஆர்பாநெட்டில் இணைந்திருந்த ஒவ்வொரு கணினிக்கும், 'குரோதர்' என்ற பெயருக்கு, ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். வலையமைப்பு முழுவதும் அவ்வளவு சிறியதாக இருந்ததால் அது சாத்தியமாயிற்று. ஒரு செய்தி சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. குரோதர் மூல நிரலை அனுப்பிவைத்தார்.

1977இல் வுட்ஸின் வடிவம் வெளிவந்தது. இடங்கள் 140 ஆயின, சொற்கள் 293 ஆயின. பாலத்தில் காசு கேட்கும் பூதம், டிராகன், எரிமலைக் காட்சி என்று கற்பனை பெருகியது. மதிப்பெண் முறை வந்தது, மொத்தம் 350. விளக்கின் பேட்டரி தீரத் தொடங்கியது. கடைசி ஒரு மதிப்பெண்ணுக்காக, குகைக்குள் கிடைக்கும் ஒரு பத்திரிகையை ஒரு குறிப்பிட்ட அறையில் போட வேண்டும். யாரும் சொல்லித்தராத அந்த ஒற்றை மதிப்பெண் பலரை இரவெல்லாம் உட்கார வைத்தது.

ஆனால் சாலை, கட்டடம், காடு, ஓடை ஆகியவற்றை வுட்ஸ் மாற்றவில்லை. நான்கு பொருள்களும் அப்படியே கிடந்தன. கதையை இரட்டிப்பாக்கியவர் அதன் வாசலைத் தொடாமல் விட்டார். இந்த வரலாற்றில் அது சிறிய முடிவில்லை. அதே 1977இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நான்கு பேர், இதை ஆடித் தீர்த்த சூட்டோடு, 'சோர்க்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார்கள். அதன் தொடக்கத்தில் ஒரு வெள்ளை வீடு, பலகை அடித்து மூடிய வாசல், ஒரு சிறிய தபால் பெட்டி. சொல்லிக்கொடுக்காத வாசல் ஒரு மரபாகிவிட்டது.

* * *

கதையில் பார்த்த குகை

குரோதர் எழுதிய முதல் வடிவம் பல ஆண்டுகள் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. உலகம் ஆடியதெல்லாம் வுட்ஸின் வடிவமும் அதன் வழிவந்தவையும்தான். எது குரோதரின் குகை, எது வுட்ஸின் கற்பனை என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் இருந்தது.

ஆங்கிலப் பேராசிரியர் டென்னிஸ் ஜெர்ஸ் அதைத் தேடினார். ஸ்டான்ஃபோர்டில் வுட்ஸின் பழைய மாணவர் கணக்கின் சேமிப்பிலிருந்து குரோதரின் மூல நிரல் மீண்டும் கிடைத்தது. ஜெர்ஸ் நிரலை மட்டும் படித்து நிறுத்திக்கொள்ளவில்லை. குகை ஆய்வாளர்களோடு கென்டக்கிக்குப் போய், மாமத் குகைத் தொகுதியில் பெட்குவில்ட் என்று அழைக்கப்படும் பகுதியில் இறங்கி, நிரலின் வரிகளையும் பாறையையும் ஒப்பிட்டார். 2007இல் அந்த ஆய்வு வெளியானது. விளையாட்டின் மேற்பகுதி அறைகள் பெரும்பாலும் உண்மையான இடங்கள், உண்மையான வரிசையில்.

அதற்கு முன்பே குகை ஆய்வாளர்களிடையே ஒரு செய்தி உலவியது. விளையாட்டை மனப்பாடமாக அறிந்த ஒருவர், முதன்முறையாக உண்மையான பெட்குவில்டில் இறங்கியபோது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததாம்.

எழுத்தில் நடந்த வழி பாறையிலும் காலுக்குப் பழகியிருக்கிறது. இதை எந்தப் படமும் அவருக்குக் காட்டியதில்லை. இருட்டு முழுவதையும் அவரே மனதில் கட்டியிருந்தார்.

* * *

சமையல் மேசையில் ஒரு கொலை

1979. கலிஃபோர்னியாவில் இன்னொரு வீடு. கென் வில்லியம்ஸ் என்ற நிரலாளர் அலுவலக வேலைக்காக ஒரு டெர்மினலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தொலைபேசி வழியாகப் பெரிய கணினியோடு அது இணையும். அதில் அட்வென்ச்சர் இருப்பதைக் கண்டு மனைவி ராபர்ட்டாவுக்குக் காட்டினார்.

கென் சற்று நேரத்தில் விலகிவிட்டார். ராபர்ட்டா எழுந்திருக்கவில்லை. நாட்கள் வாரங்களாயின. சமையல், பிள்ளைகள், தூக்கம் எல்லாவற்றுக்கும் நடுவே குகைதான் ஓடிக்கொண்டிருந்தது. முடித்த பிறகு அதைப் போல இன்னொன்று தேடினார். கிடைத்தவை போதவில்லை. சமையல் மேசையில் தாளை விரித்துத் தானே ஒன்றை வரையத் தொடங்கினார்: கைவிடப்பட்ட ஒரு பழைய மாளிகை, உள்ளே ஏழு பேர், ஒவ்வொருவராகச் செத்து விழுகிறார்கள், கொலையாளி அவர்களில் ஒருவர்.

கணவரிடம் ஒரு நிபந்தனை வைத்தார். இந்த வீட்டை எழுத்தில் வர்ணித்தால் போதாது. படமாகக் காட்ட வேண்டும்.

அன்றைய ஆப்பிள் 2 கணினியில் அதுவரை யாரும் செய்திராத காரியம் அது. கென் வழி கண்டுபிடித்தார். வெள்ளைக் கோடுகளால் வரைந்த எளிய படங்கள், அடியில் சில வரி எழுத்து. 1980 மே மாதம் 'மிஸ்டரி ஹவுஸ்' 24.95 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. கதை சொல்லும் கணினி விளையாட்டில் முதன்முறையாக வாசல் கண்ணுக்குத் தெரிந்தது: புல்வெளி, படிகள், மூடிய கதவு.

இதுவரை ஆடியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் குகையைத் தாங்களே கட்டியிருந்தார்கள். இனி ஆயிரக்கணக்கானோர் ஒரே வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். சொல்லாமல் விட்டதால் பிறந்த மர்மம், எல்லாவற்றையும் வரைந்து காட்டும் திரையில் எங்கே ஒளிந்துகொள்ளும்? ராபர்ட்டா அந்த முதல் படத்தில் எதைக் காட்டினார், எதை மறைத்தார்?

(தொடரும்)